டிரெஸாவின் முனை

மூடுபனிக்குள்ளிருந்து ஆரஞ்சுக் கோட்டு வெளியே வந்ததைப் பார்த்ததும் டிரெஸா பைக்கைக் கிளப்பிவிட்டாள். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. ஹார்னெட் கணவாய்க்குக் கீழே, தேவாலயத்துப் பெயர்ப்பலகையை ஒட்டிய அந்தத் திருப்பத்தில் அவள் கால் மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். மழை சாய்ந்து சாய்ந்து அடித்தது. ஒரு சொட்டு ஒழுகாது என்று கடைக்காரன் சத்தியம் பண்ணி விற்ற மழைக்கோட்டு கழுத்து வழியாகத் தாராளமாக ஒழுகியது. விரல் பத்தும் விறைத்துவிட்டன. சூடாக ஒரு காபி கிடைத்தால் போதும், வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது.

கூட்டமாகப் பைக் ஓட்டுகிற முறை ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. எட்டு வண்டிகள். வழி தெரிந்த கார்லண்ட் முன்னால் போவான். வழி எங்கெல்லாம் திரும்புகிறதோ அங்கெல்லாம் அவனுக்கு அடுத்து வருகிறவர் ஓரங்கட்டி நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்ட வேண்டும். கடைசி வண்டி வரும்வரை அந்த முனையை விட்டு நகரக் கூடாது. வந்ததும் அதற்கு முன்னால் போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். கடைசி வண்டி எது என்று தெரிவதற்காகத்தான் அந்தக் கையில்லாத ஆரஞ்சுக் கோட்டு. முனையில் ஆள் யாரும் இல்லையா, திரும்ப வேண்டாம், நேராகப் போ என்று பொருள்.

பதினோரு வருடமாக அந்தக் கோட்டைப் போட்டுக்கொண்டு கடைசியில் வருகிறவன் ஓடெல். டிரெஸாவின் புருஷன். அவன் கடைசியில் வருகிறான் என்றால் யாருக்கும் திரும்பிப் பார்க்கும் வேலை இல்லை. அன்றைக்கும் அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கண்ணாடியில் மங்கலாக ஒரு வெளிச்சம் தெரிந்தது, அது போதுமென்று அங்கிருந்து பதினோரு மைல் வளைந்து வளைந்து இறங்கி உணவு விடுதிக்கு வந்து சேர்ந்தாள்.

உள்ளே மற்றவர்கள் ஈரத்தோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கார்லண்டுக்கு முன்னால் தட்டில் ஆப்பிள் பை பலகாரம், அதன் மேல் ஐஸ்கிரீம். டிரெஸா தனக்கு ஒரு காபியும் ஓடெலுக்குப் பால் ஊற்றாமல் ஒரு காபியும் வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கதவு திறந்தது. ஆரஞ்சுக் கோட்டு உள்ளே வந்தது. ஹெல்மெட்டைக் கழற்றினால் அது ஓடெல் இல்லை. கார்லண்டின் மருமகன் கிப். இந்த வருடம்தான் பைக் வாங்கி இவர்களோடு ஒட்டிக்கொண்டவன்.

"இது எப்படி உன் மேல வந்துச்சு?" என்றாள் டிரெஸா.

"மாமாதான் போட்டுக்கச் சொன்னாரு. பெட்ரோல் பங்க்ல வச்சு. என் கறுப்பு கோட்டு பனியில கண்ணுக்கே தெரியலன்னாரு. ஓடெல் அண்ணனும் கழட்டிக் குடுத்துட்டாரு."

"ஓடெல் எங்க?"

"எனக்குப் பின்னாலதான் வந்துட்டிருந்தாரு." கிப் ஜன்னல் பக்கம் பார்த்தான். "அந்த சர்ச் திருப்பத்துக்கு முன்னாடியே அவரு லைட்டக் காணோம். ஹெல்மெட் கண்ணாடியத் துடைக்க நிறுத்தியிருப்பாருன்னு நெனச்சேன்."

டிரெஸா சட்டென்று எழுந்தாள். வெறும் முனை. ஓடெல் அங்கே வரும்போது யாரும் நின்றிருக்கமாட்டார்கள். இடப்பக்கம் திரும்புகிற தார்ச்சாலை இந்தப் பனியில் அவன் கண்ணுக்கே படாது. நேராகப் போனால் மரம் ஏற்றுகிற லாரிகள் போன பழைய பாதை. அரை மைலில் தார் முடிந்து சரளைக்கல் வரும். அதற்கப்புறம் மழை அரித்த பள்ளம்.

"உக்காரும்மா," என்றான் கார்லண்ட் முள்கரண்டியை ஆட்டிக்கொண்டு. "ஓடெல் என்ன பச்சப்புள்ளையா? எங்கயாச்சும் ஒண்ணுக்குப் போக ஒதுங்கியிருப்பான். அவனுக்கு ஒரு மலைக்கு மூணு தடவ வேணுமே."

இரண்டு பேர் சிரித்தார்கள். அவ்வளவுதான், டிரெஸாவுக்கு உச்சந்தலை வரை ஏறிவிட்டது.

"யோவ் கார்லண்ட்! சனிக்கிழமை தவறாம பார்க்கிங்ல எங்கள வட்டமா நிக்க வச்சு, பாதிரியார் மாதிரி ரூல் வாசிக்கிறியே, அப்ப எங்கய்யா போச்சு புத்தி? உன் மருமகனுக்கு ஆபத்துன்னா உன் கோட்டக் கழட்டிக் குடு! கடைசி ஆளோட கோட்டத் தூக்கி ஏழாவது ஆளுக்குக் குடுப்பியா? குடுத்தியே, முனையில நிக்கப்போறவ எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா?"

"சொல்லணும்னுதான் இருந்தேன். மழையில மறந்துபோச்சு."

"மறந்துபோச்சு! ஆப்பிள் பை மேல ஐஸ்கிரீம் வைக்கச் சொல்ல மறக்கல இல்ல?"

கார்லண்டின் முகம் சிவந்தது. முள்கரண்டியைக் கீழே வைத்தான். "எல்லாத்தையும் என் தலையில கட்டாத. முனையில நின்னது நீதானே? கிப் வண்டிக்கு ஒத்த லைட்டு. ஓடெல் வண்டிக்கு மூணு லைட்டு. பதினோரு வருசமா பாத்த புருசன் வண்டி உனக்கு அடையாளம் தெரியலியா?"

அவன் சொன்னது உண்மை என்பதுதான் டிரெஸாவுக்குத் தாங்க முடியாததாக இருந்தது. அவள் விளக்கைப் பார்க்கவில்லை. எண்ணவும் இல்லை. குளிரில் எப்போதடா போகலாம் என்று நின்றவள், ஆரஞ்சு நிறத்தைக் கண்டதும் ஓடிவந்துவிட்டாள். அதை இந்த வாயாடி எல்லோர் முன்னாலும் எடுத்துச் சொல்லிவிட்டான். ஓடெலுக்கென்று வாங்கிய காபியை அவள் அப்படியே கார்லண்டின் ஆப்பிள் பை மேல் கவிழ்த்தாள். கிப்பின் முதுகிலிருந்து ஆரஞ்சுக் கோட்டை உருவிக்கொண்டு வெளியேறினாள்.

போகிற வழியெல்லாம் ஹெல்மெட்டுக்குள் கத்திக்கொண்டே போனாள். கார்லண்டை, அவன் மருமகனை, கேட்டதும் கழற்றிக் கொடுத்த ஓடெலை, ஒருவரையும் விட்டுவைக்கவில்லை. கத்தக் கத்த உள்ளே கண்ணாடி ஆவி படிந்து பாதை தெரியாமல் போனது. கண்ணாடியை மேலே தள்ளிவிட்டு, மழை ஊசி ஊசியாக முகத்தில் குத்த ஓட்டினாள். திருப்பத்துக்கு வந்தாள். தேவாலயத்துப் பலகை தவிர அங்கே ஒன்றும் இல்லை. பழைய பாதையில் நுழைந்தாள்.

சரளைக்கல்லில் முன்சக்கரம் வழுக்கிக்கொண்டே இருந்தது. இரண்டு கால்களையும் தரையில் தேய்த்துக்கொண்டு ஊர்ந்தாள். ஒரு மைல் தாண்டியதும் பனிக்குள் மூன்று விளக்குகள் தெரிந்தன. மூன்றும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

பாதை பாதியாக அரித்துப்போயிருந்தது. பள்ளத்தில் வண்டி சாய்ந்து கிடக்க, அதன் அடியில் முழங்காலுக்குக் கீழே மாட்டிக்கொண்டு ஓடெல் கிடந்தான். உதடு நீலம் பாரித்திருந்தது. கண் திறந்திருந்தது.

"வந்துட்டியா," என்றான். "காலு உடைஞ்சிருச்சு போல. நானே சத்தம் கேட்டேன்."

அவள் பள்ளத்தில் இறங்கி, தோளைக் கொடுத்து வண்டியைத் தூக்கப் பார்த்தாள். அது அசையவே இல்லை. ஆத்திரத்தில் வண்டியை ஓர் உதை விட்டாள். அவன் வலியில் கத்தியதும் பதறிப்போய் அவன் பக்கத்தில் சேற்றிலேயே உட்கார்ந்தாள்.

"அறிவு கெட்ட மனுசா, ஏன்யா இதுக்குள்ள வந்த? சரளக்கல்லப் பாத்ததும் திரும்ப வேண்டியதுதானே? யாராவது இந்தப் பாதையில பைக் ஓட்டுவானா?"

"முனையில ஆளில்லையே."

"இல்லன்னா? நின்னு யோசிக்க மாட்டியா?"

"வேற யாரா இருந்தா யோசிச்சிருப்பேன்," என்றான் ஓடெல். குளிரில் பல் தந்தியடித்ததில் வார்த்தைகள் உடைந்து உடைந்து வந்தன. "பங்க்ல இருந்து கிளம்பும்போது கார்லண்டுக்குப் பின்னால நீ போனதப் பாத்தேன். அப்போ அடுத்த முனை உன்னோடது. திரும்பணும்னா டிரெஸா நின்னிருப்பா, அவ இல்லன்னா திருப்பமே இல்லன்னு நேரா வந்துட்டேன். வேகத்தக்கூடக் கொறைக்கல."

டிரெஸா ஆரஞ்சுக் கோட்டை அவன் நெஞ்சின் மேல் போர்த்தி, ஓரங்களை உள்ளே செருகினாள். தன் கை மேல் அவளுக்கு வந்த கோபத்துக்கு அதைக் கடித்துத் துப்பியிருப்பாள். இந்தக் கைதானே கிளட்சை விட்டது.

பின்னால் இரண்டு வண்டிகள் வரும் சத்தம் கேட்டது. கார்லண்டும் கிப்பும். மூன்று பேருமாகச் சேர்ந்து வண்டியைத் தூக்கி ஓடெலை வெளியே இழுத்தார்கள். கால் பார்க்க முடியாத கோலத்தில் இருந்தது. அந்த மலைப்பக்கம் போனில் சிக்னல் ஒரு கோடு கூடக் கிடைக்காது. விடுதியிலிருந்துதான் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும். கிப் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான்.

"நீ இவன்கிட்ட இரும்மா," என்றான் கார்லண்ட். குரலில் பழைய ஆட்டம் இல்லை. "ஆம்புலன்ஸ்காரன் இந்தப் பனியில பாதையப் பாக்காமத் தாண்டிப் போயிருவான். நான் போயி முனையில நிக்கிறேன்."

"நீ அங்க போய் நின்ன, கொன்னுருவேன்," என்றாள் டிரெஸா. "அது என் முனை."

"டிரெஸா, நான்..."

"மன்னிப்பு கின்னிப்புன்னு இப்ப ஆரம்பிக்காத. உன்ன எனக்குக் கண்ணுல பாக்கப் பிடிக்கல. என்னையும்தான். உன் கோட்டக் கழட்டி அவன் கால் பக்கம் போத்து. ஒழுங்கா அவன் தலையப் பிடிச்சுக்கிட்டு உக்காரு."

அவள் ஓடெலைப் பார்த்தாள். "போ, போ," என்றான் அவன். "இந்தாளு அழுதா நான் சமாதானப்படுத்திக்கறேன்."

தேவாலயத்துப் பலகைக்குப் பக்கத்தில், அதே இடத்தில் வண்டியை நிறுத்தி, எல்லா விளக்கையும் எரியவிட்டு டிரெஸா நின்றாள். ஒரு மணி நேரத்துக்கு மேல். மழை விடவில்லை. குளிர் முன்பைவிட மோசம். உட்காரவும் இல்லை, பலகையின் மறைவுக்குப் போகவும் இல்லை. எதிரே சிவப்பு வெளிச்சம் சுழன்றதும் சாலையின் நடுவில் போய் நின்று இரண்டு கையையும் வீசினாள். ஆம்புலன்ஸ் திரும்பிப் பாதைக்குள் போனது.

அது வெளியே வந்தபோதும் அவள் அங்கேயே நின்றாள். ஓட்டுநர் கண்ணாடியை இறக்கினார். "ஏறுறீங்களாம்மா? உங்க வீட்டுக்காரர் உள்ள இருக்காரு. கால் பொழைச்சுக்கும்னுதான் தோணுது. சீக்கிரம் கொண்டு போகணும்."

"நீங்க போங்க. பின்னாலயே வந்துர்றேன். இன்னும் ஒரு வண்டி வரணும்."

உள்ளேயிருந்து ஓடெலின் குரல் கேட்டது. "கிளம்புங்க சார். கடைசி வண்டி வராம அவ நகரமாட்டா."

ஆம்புலன்ஸ் போய்விட்டது. பாதைக்குள் பனி முன்னிலும் கனமாக இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து இன்ஜின் சத்தம், அப்புறம் ஒரு விளக்கு, அப்புறம் ஆரஞ்சு நிறம். டிரெஸா கையை நீட்டி நிறுத்தினாள். வண்டி அவள் முன்னால் வந்து நின்றது.

"ஓடெல்தான் போட்டுக்கச் சொன்னான்," என்றது ஹெல்மெட்டுக்குள்ளிருந்து ஒரு குரல். "நான்தான் இப்ப கடைசின்னான்."

அவள் அந்தக் கோட்டை நம்பவில்லை. கையுறையால் தன் கண்ணாடியைத் துடைத்தாள். கிட்டே போய் விளக்கைப் பார்த்தாள், வண்டி எண்ணைப் படித்தாள், அதற்குப் பின்னால் பாதையில் வேறு வெளிச்சம் இல்லை என்று பார்த்தாள்.

"கண்ணாடியத் தூக்கு," என்றாள். "மூஞ்சியக் காட்டு."

கார்லண்ட் தூக்கினான். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. அவள் அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். அப்புறம்தான் போய்த் தன் வண்டியைக் கிளப்பினாள்.