ஏழு வாசலுக்கு ஒரே தாள்

வன அலுவலகத்தில் அவருக்குப் பசைக்காரர் என்று பெயர். ஏலமோ, பாதை அடைப்போ, எந்த அறிவிப்பானாலும் காட்டு வாசல்களில் ஒட்டி, படம் எடுத்து, கோப்பில் சேர்ப்பது அவர் வேலை. இதில் ஒரு மனுஷன் என்ன பெரிய தப்பு பண்ணிவிட முடியும் என்று கேட்பீர்கள். முடியும். அவர் பண்ணினார்.

அன்றைக்குக் களைக்கொல்லி அறிவிப்பு. மரக்கன்றுகளைச் சுற்றியுள்ள புதர் சாக மருந்து அடிக்கப்போகிறார்கள், இரண்டு வாரத்துக்கு யாரும் உள்ளே போய் எதையும் பறிக்கக் கூடாது என்று ஏழு வாசலிலும் ஒட்ட வேண்டும். பிரிண்டரோ ஒரே ஒரு தாளைத் துப்பிவிட்டு மை தீர்ந்து படுத்துவிட்டது. மழை வேறு. முதல் வாசல் பலகையில் பசைக்குப் பதிலாக டேப் போட்டு ஒட்டினார், செல்போனில் படம் எடுத்தார், அப்படியே உரித்து இரண்டாம் வாசலுக்குக் கொண்டுபோனார். ஏழு வாசல், ஏழு படம், ஒரே தாள். மை வந்ததும் ஒழுங்காக ஒட்டிக்கொள்ளலாம் என்று நினைத்தார். மறுநாள் தலைக்கு மேல் வேலை. அதற்கு மறுநாள் மறந்தே போனார். யார் இதையெல்லாம் நின்று படிக்கிறார்கள் என்ற அலட்சியம்தான், வேறென்ன!

படிக்கிற ஆள் அவர் மனைவிக்கே தங்கையாக இருந்தாள். காட்டுப்பழம் பறித்துச் சந்தையில் விற்பவள். பத்துப் பெண்களைக் கூட்டிக்கொண்டு நாலாம் வாசல் வழியாகப் போவாள். மருந்து அடித்த மறுநாளும் போனாள். சாயங்காலம் அத்தனை பேருக்கும் கை முழுக்கக் கொப்புளம். கூடப் போன ஒருத்தியின் குழந்தை அந்தப் பழத்தைத் தின்றுவிட்டு இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது.

"மாமா, மருந்து அடிக்கிறதுக்கு முன்னாடி நோட்டீஸ் ஒட்டினீங்களா?" என்று வந்து கேட்டாள். இரண்டு கையிலும் துணி சுற்றியிருந்தது.

அப்போதே உண்மையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

"ஒட்டாம இருப்பேனா? கொட்டை எழுத்துல இருந்துச்சு. நீதான் கவனிக்கல" என்றார், தட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

அவள் நம்பினாள். நம்பி என்ன செய்தாள் தெரியுமா? கண் டாக்டரிடம் போனாள். பெரிதாக ஒன்றுமில்லை, வேண்டுமானால் ஒரு கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள் என்றாராம் டாக்டர். கண்ணாடியோடு வந்து நின்று, "இனிமே உங்க நோட்டீஸ் ஒண்ணுகூட என்கிட்ட தப்பாது மாமா" என்று சிரித்தாள். அவர் அந்தக் கண்ணாடியைப் பார்க்காமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பினார்.

ஆனால் அவள் சும்மா இருக்கிற ஜாதியில்லை. பொதுக் காட்டில் மருந்தே அடிக்கக் கூடாது, புதரை ஆள் வைத்து வெட்டட்டும் என்று எண்ணூறு பேரிடம் கையெழுத்து வாங்கினாள். விசாரணை வந்தது. அறிவிப்பில்லாமல் அடித்திருந்தால் மருந்து அடிக்கும் அனுமதியே ரத்து. அறிவிப்பு இருந்திருந்தால் மிச்சக் காட்டிலும் அடுத்த வாரமே அடிக்கலாம். எல்லாம் அந்த ஏழு படத்தில் இருந்தது.

படங்களைச் சுவரில் பெரிதாகக் காட்டினார்கள். "நாலாம் வாசல். தேதியோட இருக்கு. நோட்டீஸ் இல்லைன்னு மனுவில எழுதியிருக்கீங்களே?" என்றார் விசாரணை அதிகாரி.

மச்சினி எழுந்தாள். படத்தைப் பார்க்கக்கூட இல்லை.

"அது கூட வந்தவங்க சொல்லி எழுதினதுங்க. அந்த வரியை அடிச்சிடுங்க. ஒட்டினது எங்க மாமா. அவர் ஒட்டினேன்னு சொன்னா ஒட்டினதுதான். பாக்காம போனது நான். இவங்களைக் கூட்டிட்டுப் போனதும் நான்." பிறகு பின்வரிசையில் குழந்தையோடு இருந்தவளைத் திரும்பிப் பார்த்து, "என்னை மன்னிச்சிடும்மா" என்றாள்.

பசைக்காரர் சுவரைப் பார்த்தார். முதல் படத்தில் தாள் முழுசாக இருந்தது. இரண்டாவதிலிருந்து ஏழாவது வரை, டேப்போடு பிய்ந்து வந்த அதே வலது மூலை, அதே கிழிசல். வேறு யாரும் கவனிக்கவில்லை. பக்கத்தில் இருந்த மேலதிகாரி, "தப்பிச்சோம்யா" என்று அவர் தொடையைத் தட்டினார். விசாரணை அதிகாரி பேனாவைத் திறந்தார். வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் வேலை மிஞ்சும். ஆனால் வெட்கம் பிடுங்கித் தின்றது; அவரால் உட்கார முடியவில்லை.

"சார், அந்த மூலையைப் பாருங்க" என்று எழுந்தார். "ரெண்டாவதுலேர்ந்து எல்லாத்துலயும் ஒரே கிழிசல். ஒரே தாளுங்க அது. ஒட்டி ஒட்டி உரிச்சேன். நாலாம் வாசல்ல அது ஒரு நிமிஷம்கூட இல்ல. அந்தப் பொண்ணு கண்ணுல ஒரு கோளாறும் இல்லைங்க."

அனுமதி ரத்தாயிற்று. இவரையும் அங்கேயே தற்காலிக நீக்கம் செய்தார்கள். பெண்கள் கைதட்டினார்கள். மச்சினி தட்டவில்லை.

வெளியே படிக்கட்டில் கூனிக் குறுகி நின்றவரிடம் அவள் வந்தாள். கண்ணாடியைக் கழற்றி, பெட்டியில் வைத்து, அவர் சட்டைப் பையில் செருகினாள்.

"நீங்களே வச்சுக்குங்க மாமா. ஒரு மாசமா அந்தக் குழந்தை வீட்டு வாசல்ல கால் வைக்க முடியாம, தெருவைச் சுத்திப் போயிட்டிருந்தேன்."

சொல்லிவிட்டு இறங்கிவிட்டாள். படிக்கட்டு குறுகல். மற்றப் பெண்களும் அவரை உரசிக்கொண்டுதான் இறங்க வேண்டியிருந்தது. பத்துப் பேரும் ஒவ்வொருத்தியாக இறங்கினார்கள், கடைசியில் குழந்தைக்காரி. ஒருத்தியும் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.