பிரிக்கக் கூடாத பொட்டலம்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாரையும் யாரிடமும் போட்டுக் கொடுக்கவில்லை. பக்கத்துத் தெரு நாகம்மாவிடம் சொன்னேன், அவ்வளவுதான். நாகம்மாவின் புருஷன் வரதராஜன் ஜீடிமெட்லா மாத்திரைக் கம்பெனியில் செக்யூரிட்டி ஆபீசராக இருந்தால் அதற்கு நான் என்ன செய்ய முடியும்?

எண்பத்து மூன்றாம் வருஷம். பாலாநகரில் எங்கள் காம்பவுண்டில் ஆறு போர்ஷன், நடுவில் ஒரு குழாய். குழாய்க்கு நேர் எதிரே என் வாசல். அதனால் சமாசாரங்கள் தாமாகவே என் காதில் வந்து விழும், நான் தேடிப் போவது கிடையாது. நாலாவது போர்ஷனுக்கு ஜூன் மாசம் குடி வந்தார்கள் துரைராஜும் அவன் பெண்டாட்டி திரிபுரசுந்தரியும். திருநெல்வேலிப் பக்கம். அவள் முழுப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அடுப்பில் பால் பொங்கிவிடும் என்பதால் எல்லாருக்கும் அவள் சுந்தரிதான். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள். அதைக் குடி வந்த அன்றே மூன்று பேரிடம் சொல்லிவிட்டாள்.

துரைராஜுக்கும் அதே மாத்திரைக் கம்பெனிதான், பேக்கிங் பிரிவு. இன்னும் பெர்மனென்ட் ஆகவில்லை. டிசம்பர் ஒன்றாம் தேதி லெட்டர் வர வேண்டும். "பேர்ல ஒரு கறுப்புப் புள்ளி விழுந்தாலும் லெட்டர் வராதுக்கா. பெட்டியைக் கட்டிட்டு ஊருக்குப் போக வேண்டியதுதான். அங்க போயி என்ன செய்யறது?" என்று சுந்தரி குழாயடியில் என்னிடம் சொல்லியிருக்கிறாள். பாவம்தான். ஆனால் பாவம் வேறு, சந்தேகம் வேறு.

சந்தேகம் வந்தது தீபாவளி கழிந்து. சுந்தரி டியூஷன் ஆரம்பித்தாள். எட்டாங்கிளாஸ் பிள்ளைகள் ஏழு பேர், சாயங்காலம் ஐந்து மணிக்கு. டியூஷன் என்றால் என்ன சத்தம் வர வேண்டும்? ஒப்பிக்கிற சத்தம், அடி விழுகிற சத்தம், குறைந்தபட்சம் ஒரு அழுகை. இங்கே ஒன்றுமே இல்லை. கதவு ஒருக்களித்திருக்கும். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. ஆறு மணிக்குப் பிள்ளைகள் வெளியே வரும்போது ஒவ்வொன்றின் கையிலும் நாலைந்து பொட்டலம். கட்டைவிரல் அகலம்தான் இருக்கும். நீலக் கோடு போட்ட வெள்ளைத் தாளில் மடித்து, ஓரமெல்லாம் மைதாப் பசை போட்டு ஒட்டியிருக்கும். டியூஷனுக்கு வெறுங்கையோடு போய்ப் பொட்டலத்தோடு திரும்புகிற பிள்ளைகளை நான் எங்கேயும் பார்த்ததில்லை.

மூன்றாவது போர்ஷன் லூர்துமேரி அந்த ஏழில் ஒருத்தி. அவளை நிறுத்திக் கேட்டேன்.

"என்னடி அது கையில?"

"ஹோம் ஒர்க் ஆன்ட்டி."

"பிரிச்சுக் காட்டு பார்ப்போம்."

"நக்கோ ஆன்ட்டி, வேணாம்! பிரிக்கவே கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்க." பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டு ஓடிவிட்டாள்.

பிரிக்கக் கூடாத ஹோம் ஒர்க்! அதே மாசம்தான் மாத்திரைக் கம்பெனி ஸ்டாக்கில் காய்ச்சல் மருந்துப் பொடி இரண்டு கிலோ குறைகிறது என்று கலவரம். வரதராஜன் ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் டிபன் பாக்ஸைக்கூடக் கவிழ்த்துப் பார்க்கிறார் என்று நாகம்மா பெருமையாகச் சொல்லியிருந்தாள்.

மறுநாள் என் துணி நன்றாகக் காயவில்லை. நாலாவது போர்ஷன் ஜன்னலுக்குக் கீழே வெயில் கொஞ்சம் அதிகம். அங்கே கொண்டுபோய் உலர்த்தினேன். உள்ளே சுந்தரியின் குரல் தெளிவாகக் கேட்டது.

"பொட்டலத்துல என்ன இருக்கோ அது அப்படியேதான் இருக்கணும். ஒண்ணே ஒண்ணு கூடப் போட்டாலும் அது தண்ணி இல்ல, புண்ணுக்கு ஊத்தற மருந்து. புரியுதா? உனக்குப் பத்தலைன்னா இன்னொரு பொட்டலம் எடுத்துக்கோ. உள்ள கை வைக்காதே."

மருந்து. பொட்டலம். அளவு. இதற்கு மேல் ஒரு மனுஷிக்கு என்ன வேண்டும்? நாகம்மாவிடம் சொன்னேன். அதுவும், "யாருகிட்டயும் சொல்லிடாதேடி" என்று சொல்லித்தான் சொன்னேன்.

சனிக்கிழமை ஐந்தேகால் மணிக்கு வரதராஜன் யூனிபாரத்தோடு காம்பவுண்டுக்குள் நுழைந்தார். கையில் பிரம்பு. பின்னால் நாகம்மா, அவளுக்குப் பின்னால் நான். துணைக்கு ஆள் வேண்டாமா? துரைராஜ் முதல் ஷிப்டு முடித்துவிட்டு வாசலில் முகம் கழுவிக்கொண்டிருந்தான். ஆபீசரைப் பார்த்ததும் சொம்பு கை நழுவியது.

"சார், நீங்க எங்க இந்தப் பக்கம்?"

"சும்மாதான். உன் வீட்டுல என்னமோ மருந்துப் பொட்டலம் நடமாடுதாமே?"

பதிலுக்குக் காத்திருக்காமல் உள்ளே போனார். தரையில் ஏழு பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்திருந்தன. நடுவில் சாக்பீஸால் நீளமாக ஒரு அம்புக்குறி. எவர்சில்வர் தட்டில் பொட்டலங்கள் குவிந்து கிடந்தன. வரதராஜன் ஒன்றை எடுத்து நகத்தால் ஓரத்தைக் கீறினார்.

ஏழும் ஒரே குரலில் கத்தின. "பிரிக்காதீங்க அங்கிள்!"

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! திருடனைக் கையும் களவுமாகப் பிடித்த களை. "ஏன் பிரிக்கக் கூடாது?"

"பிரிச்சு ஒண்ணு கூடப் போட்டா மருந்து ஆயிடும்!" என்றாள் லூர்துமேரி.

துரைராஜ் சுவரோடு சுவராக உட்கார்ந்துவிட்டான்.

வரதராஜன் பொட்டலத்தைக் கிழித்தார். உள்ளங்கையில் விழுந்தது இரண்டு கொண்டைக்கடலை, ஒரு புளியங்கொட்டை. முகர்ந்து பார்த்தார். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். கடைசியில் ஒரு கடலையைக் கடித்துப் பார்த்து, மென்று முழுங்கியே விட்டார்.

"என்னம்மா இது?"

"தண்ணி சார்" என்றாள் சுந்தரி.

"கிண்டலா?"

"இல்ல சார். கொண்டைக்கடலை ஹைட்ரஜன், புளியங்கொட்டை ஆக்ஸிஜன். இதுங்க கால்பரீட்சையில சமன்பாட்டுக்கு மொத்தமா முட்டை வாங்கிச்சுங்க. ரெண்டு பக்கமும் அணு சமமா வரணும்னு சொன்னா, கீழ இருக்கற குட்டி நம்பரை இஷ்டத்துக்கு மாத்திடுதுங்க. தண்ணியில ஆக்ஸிஜன் ஒண்ணு பத்தலையா, அதுக்குள்ளயே ஒண்ணைச் சேர்த்து எழுதிடுதுங்க. அப்ப அது தண்ணியே இல்ல சார், புண்ணுல நுரைக்க நுரைக்க ஊத்துவாங்களே, அந்த ஹைட்ரஜன் பெராக்சைடு. அதான் பொட்டலமாக் கட்டி ஒட்டிட்டேன். எத்தனை பொட்டலம் வேணும்னாலும் எடுக்கலாம், பொட்டலத்துக்குள்ள கை வைக்கக் கூடாது. லூர்து, சாருக்குச் செஞ்சு காட்டு."

லூர்துமேரி அம்புக்கு இடது பக்கம் ஹைட்ரஜன் பொட்டலம் ஒன்று வைத்தாள். "இதுல ரெண்டு கடலை." பக்கத்தில் ஆக்ஸிஜன் பொட்டலம். "இதுல ரெண்டு கொட்டை." வலது பக்கம் தண்ணீர்ப் பொட்டலம் ஒன்று. "இதுல ரெண்டு கடலை, ஒரு கொட்டை. இங்க ஒரு கொட்டை குறையுது. அதனால இன்னொரு தண்ணி." வைத்தாள். "இப்ப கொட்டை சரி. ஆனா அந்தப் பக்கம் கடலை ரெண்டுதான், இந்தப் பக்கம் நாலு. அதனால இன்னொரு ஹைட்ரஜன்." அதையும் வைத்தாள். "ரெண்டு ஹைட்ரஜன், ஒரு ஆக்ஸிஜன், ரெண்டு தண்ணி. ஹோ கயா, சரியாயிடுச்சு!"

நிஜமாகவே எனக்கே புரிந்துவிட்டது. நான் எஸ்.எஸ்.எல்.சி.யில் சயின்ஸில் கோட்டை விட்டவள்.

ஆனால் நாகம்மா சும்மா இருப்பாளா? "ஒட்டி வச்சதுக்குள்ள நிஜமாவே அத்தனைதான் இருக்குன்னு யாரு கண்டா? எல்லாத்தையும் பிரிச்சுக் கொட்டச் சொல்லுங்க" என்றாள். சுந்தரி உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினாள். பிள்ளைகள் தட்டில் இருந்ததையெல்லாம் பிரித்துக் கொட்டின. கடலையும் கொட்டையும்தான். லூர்துமேரி எண்ணி எண்ணிப் பிரித்து வைத்தாள். பிறகு நிமிர்ந்து பார்த்தாள்.

"டீச்சர், ஒரு ஹைட்ரஜன் குறையுது."

"சரியா எண்ணுடி."

"சரியாத்தான் எண்ணினேன். அங்கிள் தின்னுட்டாரு."

ஏழும் விழுந்து விழுந்து சிரித்தன. எனக்கும் சிரிப்பு வந்தது, முந்தானையால் வாயை மூடிக்கொண்டேன். அந்தச் சிரிப்புதான் வினையாகப் போயிற்று. வரதராஜன் முகம் கறுத்துவிட்டது. சிரிப்பைத் தாங்குகிற ஆபீசர் எந்தக் கம்பெனியிலும் கிடையாது. தரையில் கிடந்த காகிதங்களில் ஒன்றை எடுத்து நீவி விரித்தார். நீலக் கோட்டுக்கு நடுவே பாதி வெட்டுப்பட்ட கம்பெனிப் பெயர்.

"துரைராஜ். இது நம்ம மாத்திரை ஒட்டற பட்டைத் தாள்தானே?"

துரைராஜ் எழுந்து நின்றான். "பிரிண்ட் கோணலா விழுந்த ரீல் சார். எரிக்கறதுக்குப் போடற குப்பை."

"கேட் பாஸ் வாங்கினியா?"

"குப்பைக்கா சார்?"

"கேட்டுக்கு உள்ள இருக்கறவரைக்கும் குப்பையும் கம்பெனி சொத்துதான். ஒரு துண்டுக் காகிதம்கூடப் பாஸ் இல்லாம வெளிய வரக்கூடாதுன்னு கேட்டுலயே எழுதிப் போட்டிருக்கு. நான் திங்கக்கிழமை ரிப்போர்ட் எழுதித்தான் ஆகணும்."

சுந்தரி குறுக்கே வந்து நின்றாள். "நான்தான் சார் கேட்டேன். சாதாப் பேப்பர்னா பிள்ளைங்க சுரண்டியே கிழிச்சிடுதுங்க. இது கெட்டியா இருக்குன்னு நான்தான்... அவருக்கு இன்னும் பத்து நாள்ல லெட்டர் சார்."

பிள்ளைகளின் சிரிப்பு நின்றுவிட்டது. துரைராஜ் கையில் துண்டை முறுக்கிக்கொண்டே நின்றான். அவன் பெட்டி கட்டுவது என் கண்ணில் தெரிந்தது. ரயில் ஏறுவதும் தெரிந்தது. மருந்துப் பொடி என்று நினைத்து நான் ஒரு வார்த்தை சொன்னது போய், கடைசியில் காகிதத்துக்காக ஒருத்தன் வேலை போவதா? அப்படிப்பட்ட பாவத்தை நான் ஏன் சுமக்க வேண்டும்?

"அண்ணா" என்றேன். "ஒரு சந்தேகம்."

"என்னம்மா வேதா?"

"உங்க சமையலறை அலமாரியில மூணு தட்டுலயும் நீலக் கோடு போட்ட தாள் விரிச்சிருக்கே. இதே தாள்தானே? ஊறுகா ஜாடிக்கு அடியில கம்பெனிப் பேரு முழுசாவே தெரியுது. அதுக்குக் கேட் பாஸ் மொத்தமா ஒண்ணு போட்டீங்களா, தட்டுக்கு ஒண்ணா? இல்ல, தெரிஞ்சுக்கலாம்னு கேக்கறேன்."

வரதராஜன் பிரம்பை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

நாகம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள். "என் சமையலறையில உனக்கு என்னடி பார்வை?"

"சர்க்கரை கடன் கேட்க வந்தப்ப கண்ணுல பட்டது. கண்ணைக் கழட்டி வாசல்லயா வச்சிட்டு வர முடியும்?"

வரதராஜன் என்னைப் பார்த்தார், பெண்டாட்டியைப் பார்த்தார். காகிதத்தை நாலாக மடித்து, சட்டைப் பையில் வைக்கப் போய், யோசித்து, தட்டிலேயே போட்டார். "இனிமே குப்பையா இருந்தாலும் எழுதி வாங்கிட்டு எடு" என்று துரைராஜிடம் சொல்லிவிட்டுப் பிரம்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போனார். அன்று ராத்திரிக்குள் அவர் வீட்டு அலமாரி மொட்டையாகிவிட்டது. நான் பார்க்கவில்லை, சொன்னார்கள்.

ரிப்போர்ட் எழுதப்படவில்லை. ஒன்றாம் தேதி துரைராஜுக்கு லெட்டர் வந்தது. அந்த இரண்டு கிலோ பொடியை யார் எடுத்தது என்று மட்டும் இன்று வரை தெரியவில்லை. எனக்கு ஒரு ஊகம் உண்டு, அது கிடக்கட்டும்.

லெட்டர் வந்த அன்று சாயங்காலம் சுந்தரி ஆறு போர்ஷனுக்கும் கலாகந்த் கொடுத்தாள். என் வீட்டுக்குக் கடைசியாக வந்தாள். நான் இல்லாவிட்டால் அந்த லெட்டரே இல்லை என்று அவள் சொல்வாள், நான் "அதெல்லாம் ஒண்ணுமில்லடி" என்று சொல்லலாம் என்று தயாராக நின்றிருந்தேன்.

தட்டை நீட்டினாள். "எடுத்துக்குங்க அக்கா. முதல்ல நாகம்மா அக்கா காதுல போட்டது நீங்கதான்னு எனக்குத் தெரியும்."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நான் எடுத்த கலாகந்த் கையிலேயே இருந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டாள். அப்புறம் ஒரு வருஷம் அதே காம்பவுண்டில்தான் இருந்தாள். குழாயடியில் என்னைப் பார்த்தால் குடம் பாதி நிறைந்ததும் தூக்கிக்கொண்டு போய்விடுவாள்.

போகட்டும், அவள் பேசாவிட்டால் எனக்கொன்றும் இல்லை. அவளிடம் அதைப் போய்ச் சொன்னது யார் என்பதுதான் என் கேள்வி. நாகம்மாவாக இருக்காது, சொன்னால் அவள் பெயரும் சேர்ந்து கெடும். வரதராஜன் அவ்வளவு பேசுகிற ஆள் இல்லை. லூர்துமேரி மேல்தான் எனக்குச் சந்தேகம். அன்று துணி உலர்த்தும்போது அந்தப் பெண் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருந்தாள். ஒட்டுக் கேட்கிற புத்தி சின்ன வயசிலேயே வந்துவிட்டால் பிறகு திருத்துவது ரொம்பக் கஷ்டம்.