ஒன்பதாவது நம்பர்

தையல்காரம்மாவின் மகளால் நடக்க முடியாது. பள்ளியில் அவள் வகுப்போ இரண்டாம் மாடியில். இரண்டு வருடமாக மகளைத் தூக்கிக்கொண்டு ஏறியதில் இடுப்பு ஒடிந்ததுதான் மிச்சம். வகுப்பைக் கீழே மாற்றச் சொல்லிக் கேட்கப் போனால், மகள் பேச்சை எடுத்ததுமே வார்த்தை வராமல் திரும்பி வந்துவிடுவாள். தனக்காக வந்து பேச ஓர் ஆள் வேண்டுமென்று உதவி அமைப்புகளுக்குப் போன் போட்டாள். எட்டுப் பேர் அடுத்தவர் நம்பரைக் கொடுத்துக் கைகழுவினார்கள்.

ஒன்பதாவதாக எடுத்த பெண் பொறுமையாகக் கேட்டாள்.

"எங்ககிட்ட ஆள் இல்லைங்க. ஆனா ஒரு அம்மா இருக்காங்க. போன மாசம் இங்க வரிசையில நின்ன நாலு பேருக்கு அவங்கதான் பேசி முடிச்சுக் கொடுத்தாங்க. அவங்க போட்ட போடுல எங்க ஆபீசரே எழுந்து நின்னுட்டாரு. நம்பர் எழுதிக்கிறீங்களா?"

துணியில் கோடு போடும் சாக்பீஸால் மேசைமேலேயே எழுதினாள். ஐந்தாவது எண்ணில் கை நின்றது. அது அவளுடைய நம்பர்தான்.

"கூப்பிட்டா வருவாங்களா?" என்று கேட்டாள்.

"வராம என்னங்க. அன்னைக்கு அவங்க பொண்ணு விஷயமாத்தான் வந்திருந்தாங்க; அவங்க பேசுற பேச்சுக்கு அதெல்லாம் எப்பவோ தீர்ந்திருக்கும்."