காலையில் திறந்த பக்கம்

பிரவீன் அனுப்பிய அறிக்கையைப் படித்ததும் கலைவாணிக்கு அருவருப்பாக இருந்தது. தொழிற்சாலைப் பணியாளரே செயலியைத் தவறாகப் பயன்படுத்தியதால்தான் இந்தக் குழப்பம் நேர்ந்தது என்று எழுதி, கீழே அவள் பெயரைப் போட்டு அனுப்பச் சொல்லியிருந்தான். திருப்பதியில் இருந்த அந்தச் சின்ன கம்பெனிக்கு அவன் மேனேஜர். செயலியை எழுதியவள் அவள்.

ஸ்ரீ சிட்டிப் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு ஆள் ஏற்றும் பஸ்களின் பட்டியல் அந்தச் செயலியில்தான் ஓடியது. அங்கே வேலை செய்யும் சபீனா ஐந்து மாதக் கர்ப்பிணி. அதனால் ஒருநாள் மதியம் தொழிற்சாலை அலுவலகத்தில் அவளைப் பட்டியலில் இரவு ஷிப்டிலிருந்து பகலுக்கு மாற்றினார்கள். பஸ் சூப்பர்வைசர் கங்கையாவோ காலையில் பட்டியலைத் திறந்தால் பொழுது சாயும்வரை மூடமாட்டார். சாயங்காலம் சபீனா ஏறும் நிறுத்தத்தை மட்டும் மாற்றிச் சேமித்தார். அவர் காலையில் திறந்த பக்கத்தில் கிடந்த பழைய இரவு ஷிப்டும் கூடவே போய், புதிய பகல் ஷிப்டை அழித்துவிட்டு உட்கார்ந்துகொண்டது. மறுநாள் காலை பட்டியலில் பெயர் இல்லையென்று அவளை பஸ்ஸில் ஏற்றவில்லை. இரவு வரவில்லையென்று ஆப்சென்ட் போட்டார்கள். கேட்டதற்குக் கம்ப்யூட்டரைக் காட்டினார்கள். மூன்று நாள் இப்படியே போக, வேலையை விட்டு நிறுத்திவிட்டார்கள்.

இதற்குத்தான் கலைவாணி ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு எண் வைத்திருந்தாள். யார் மாற்றினாலும் அந்த எண் ஏறும். பழைய எண்ணோடு வருபவரின் மாற்றத்தைச் செயலி சேமிக்காமல், புதிதாகத் திறந்து பாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிடும். கங்கையாவுக்கு அது தினமும் வந்தது; தொல்லை என்று புகார் செய்தார். பிரவீன் அந்த எண் சோதனையையே எடுத்துவிடச் சொன்னான். தன் கையாலேயே எடுத்தாள் கலைவாணி. சீ! அவன்மேல் வந்த அருவருப்பில் பாதி அவள்மேலேயே திரும்பியது.

சோதனையைத் திரும்பப் போட்டுவிட்டேன் என்று போய்ச் சொன்னாள். நல்லது என்றான் பிரவீன், பல்லைக் குத்திக்கொண்டே. சபீனா கதி என்னவென்று கேட்டதற்கு, அது நம் வேலை இல்லை, முதலில் அறிக்கையை அனுப்பு என்றான்.

கலைவாணி சபீனாவுக்குப் போன் போட்டாள்.

"நான்தான் போன்ல எதையோ தப்பா அமுக்கிட்டேன்னு சொல்றாங்கக்கா," என்றாள் சபீனா. "எதை அமுக்கினேன்னு மூணு நாளா யோசிச்சிக்கினு இருக்கறேன். மன்னிச்சி வேலைக்குச் சேத்துக்கச் சொல்லுங்கக்கா."

"நீ ஒண்ணும் அமுக்கலம்மா. தப்பு எங்களுது," என்றாள் கலைவாணி.

போனை வைத்ததும் பிரவீன் எழுதியதை மொத்தமாக அழித்தாள். யார் எத்தனை மணிக்கு எதைச் சேமித்தார்கள் என்ற விவரத்தை இணைத்தாள். சோதனையை எடுக்கச் சொன்னவர் பெயர், எடுத்தவர் பெயர், இரண்டையும் எழுதி நேராகத் தொழிற்சாலைக்கு அனுப்பினாள். பிறகு சாப்பாட்டு டப்பாவையும் சார்ஜரையும் பையில் போட்டுக்கொண்டு, பிரவீன் கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தாள்.