பக்கத்திலுள்ள கருவிகள்

...முதுகுக்குப் பின்னால் வந்து நிற்காமல் இந்த ஆளால் இருக்கவே முடியாதா, பாக்கு வாடை வந்தாலே போதும், மேனேஜர் வீரராகவன் வந்துவிட்டார் என்று குணசுந்தரியின் தோள் தானாக இறுகிவிடும், "இன்னாம்மா, இன்னும் அத்தையே நோண்டிக்கினு கீற? வண்டி லைனுக்குப் போவ வேணாமா?" என்கிறார், போகட்டும், இவளா பிடித்து வைத்திருக்கிறாள், உள்ளங்கையளவு கம்ப்யூட்டர், இடுப்பில் மாட்டுகிற பிரிண்டர், நடுவில் ஒயர் கிடையாது, ப்ளூடூத்தில் இதற்கு அதை அறிமுகம் செய்துவைக்க வேண்டும், இனிமேல் இந்தக் கவரைப்பேட்டை ஏஜென்சியிலிருந்து பிஸ்கட் ஏற்றிப் போகிற சேல்ஸ்மேன் கடை வாசலிலேயே பில் அடித்துக் கொடுப்பானாம், யார் அந்தச் சேல்ஸ்மேன், தமீம் அன்சாரி, அவனுக்காகவா நான் உட்கார்ந்து... விரல் கூசியது.

அவனுடைய புதுப் போன் காணாமல் போனது இவள் மேசையிலிருந்து, அது போதாதா, வீரராகவன் இவள் கைப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார், சீப்பு, மாத்திரை அட்டை, பேப்பரில் சுற்றியிருந்த நாப்கின், எல்லாம் லோடு ஏற்றுகிறவர்கள் கண்ணெதிரே தரையில், போன் மட்டும் இல்லை, இல்லாததுதான் இன்னும் மோசம், அதற்குள் ஊட்டுக்கு அனுப்பிட்டிருப்பா என்றார் அவர், அப்போது அன்சாரி, "உடுங்க சார், பாவம், போனது போவட்டும்" என்றான். பாவமா? திருடியைத்தானே பாவம் என்று விடுவார்கள்? கத்தியிருந்தால்கூட மன்னித்திருப்பாள். ரம்ஜானுக்கு அவன் தூக்குவாளியில் கொண்டுவந்த நோன்புக் கஞ்சியை அவன் பார்க்கவே குழாயடியில் கொட்டினாள், அன்றிலிருந்து ஒரு பேச்சு இல்லை.

தேடு என்பதைக் கம்ப்யூட்டரோடு வந்த குச்சியால் அழுத்தினாள், திரையில் ஒரு கோடு ஓடியது, பக்கத்திலுள்ள கருவிகள்... பிரிண்டரின் பெயர் வந்தது, அதன் கீழே இன்னொன்று, சிஃபா குட்டி. சிஃபா அன்சாரியின் மகள், போன் வாங்கிய அன்று அவள் போட்டோவை ப்ளூடூத்தில் எல்லோருக்கும் அனுப்பினான், அனுப்புகிற போனின் பெயராக இவள் போனிலும் இதுதான் வந்தது, ஆனால் அன்சாரி இன்னும் வரவில்லையே, அவனிடம் இப்போது இருப்பது டார்ச் லைட் போன், அதில் ப்ளூடூத் ஏது? அறையில் இருப்பது இவளும் மேனேஜரும்தான். லாரி வந்த சத்தம் கேட்டு வீரராகவன் எழுந்து ரோட்டுப் பக்கம் போனார், மறுபடி தேடினாள், பிரிண்டர் மட்டும். திரும்பி வந்து நாற்காலியில் சாய்ந்தார், தேடினாள், சிஃபா குட்டி. சிம்மை மாற்றியவருக்குப் பெயரை மாற்றத் தெரியவில்லை, அந்தச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டா என் பையைக் கொட்டினாய்... எழுந்து கத்தலாமா, யார் நம்புவார்கள், அந்தப் பைக்குள் கையை விடலாமா, விட்டால்...

பிரிண்டரை இணைக்கக் கேட்ட ரகசிய நம்பருக்கு நான்கு சைபர் போட்டாள், பிரிண்டர் கரகரவென்று ஒரு வெள்ளைத் தாளைத் துப்பியது. அன்சாரி ஹெல்மெட்டைக் கழற்றியபடி வந்தான், மேசைக்கு ஓரடி தள்ளியே நின்றான், இப்போதெல்லாம் அப்படித்தான் நிற்கிறான். "இன்னாக்கா, பிரிண்டு வருதா?"

"வருது."

தன் குரல்தானா என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. அவன் நிமிர்ந்து பார்த்து, பிரிண்டரை இடுப்பில் மாட்டிக்கொண்டு சிரித்தான், இவன் அல்ல, இவன் ஒன்றுமே செய்யவில்லை, அங்கே நாற்காலியில் பாக்கு மெல்கிறவன்தான், தெரிந்துவிட்டது, கையில் சாட்சியே இருக்கிறது, வாயைத் திறந்தால் போதும், பிறகு ஏன் இந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நேற்றைப் போலவே பல் நெறுநெறுக்கிறது, இத்தனை நாள் இவன் மேல் வளர்த்ததை எங்கே கொண்டுபோய் இறக்குவது...