அந்துப்பூச்சிக்காரியின் கரண்டி

எங்கள் ஆல்ப்ஸ் மலையூரில் பளிங்குப் படிகம் தேடுகிறவன் யாரையும் நம்பமாட்டான். என் நண்பன் பால்ஸ் அதற்கும் ஒரு படி மேல். தன் நிழலே இடத்தைக் காட்டிக்கொடுத்துவிடும் என்று மேகம் மூடிய நாளில்தான் மலையேறுவான். பனியில் ஏறும்போது பின்பக்கமாக நடப்பான். தடத்தைப் பார்க்கிறவன், இவன் இறங்கிவிட்டான் என்று நினைக்க வேண்டுமாம்.

எங்களுக்குள் ஒரு முறை உண்டு. பாறைப் பிளவில் பளிங்கைக் கண்டவன் தன் பெயர் பொறித்த கருவியை அங்கே விட்டு வந்தால், அந்தக் கோடை முழுக்க இடம் அவனுடையது. கோயில் உண்டியலில் கை வைத்தவனைக்கூட மன்னிப்போம், அந்தக் கருவியில் கை வைத்தவனை மாட்டோம். ஆனால் சிகரத்தின் கீழே கற்சரிவில் வாழ்நாளில் ஒருமுறையே கிடைக்கிற பிளவைக் கண்ட பால்ஸ், கருவி வைக்கவே இல்லை. வைத்தால் இடம் தெரிந்துவிடுமாம்! உள்ளே ஆள் உயரத்துக்குப் புகைநிறப் பளிங்கு. அது எனக்கு மட்டும் தெரியும். அவன் சொல்லவில்லை, ரோப்கார் ஓட்டி ஓய்வு பெற்ற எனக்கு, என் தொலைநோக்கி சொன்னது. மீதியை அவனே போதையில் சொன்னான்.

இந்த ஜூலையில் தோண்டப் போனவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான்.

“அடேய் வெண்டல், ஒரு பொம்பளை என் கல்லு மேல தவழறாடா!”

“மூக்குக்கண்ணாடியைத் தொலைச்சிருப்பா.”

“நேத்தும் தொலைச்சா, இன்னிக்கும் தொலைச்சாளா? கையில மண்ணு நோண்டற கரண்டி வேற. கல்லைப் புரட்டறா, உத்துப் பாக்கறா, இருந்த மாதிரியே திரும்ப வைக்கறா. திருடிதாண்டா அப்படி வைப்பா!”

இரண்டு பேரும் ஏறினோம். அங்கே தவழ்ந்துகொண்டிருந்தவள் பாசல் நகரத்துக்காரி, பெயர் ரெகுலா. பிளவுக்கு நேர் மேலே, இரண்டு கற்களுக்கு நடுவே அவள் கரண்டி குத்தி நின்றது. பிடியில் பெயர் பொறித்திருந்தது. பால்ஸின் முகம் பாலாடைக்கட்டி போல வெளுத்தது.

“என்னம்மா தேடறீங்க?” என்று கேட்டேன்.

“அந்துப்பூச்சி, ஐயா.”

“அது என் கோட்டுலயே இருக்கே. அதுக்கு இவ்வளவு உயரம் ஏறணுமா?”

“இது வேற. பொட்டைக்குச் சிறகு குட்டை, பறக்க வராது. ஆண்தான் தேடி வரணும். பொட்டை பள்ளத்தைத் தாண்டாததால இந்தச் சிகரத்துப் பூச்சி பக்கத்துச் சிகரத்துல கிடையாது.”

பால்ஸ் என் விலாவில் இடித்தான். “பறக்காத அந்துப்பூச்சியாம்! புளுகறதுக்கும் ஒரு அளவு வேணாமா?”

அவள் கண்ணாடிக் குப்பியைத் திறந்தாள். சீரக அளவில் சாம்பல் நிறத்தில் ஒன்று தத்தி, பால்ஸின் பூட்ஸ் மேல் குதித்து, கல்லிடுக்கில் மறைந்தது. இரண்டு ஆள் உயரம் குதித்தது என்று நான் சத்தியம் செய்வேன்.

“தெள்ளுப்பூச்சி,” என்றான் பால்ஸ். பிறகு பொறுக்க முடியாமல் கொட்டிவிட்டான். “அதெல்லாம் இருக்கட்டும். மொதல்ல உங்க கரண்டியைப் பிடுங்குங்கம்மா. பேரு போட்ட கருவி இங்க நின்னா, இந்தக் கோடை முழுக்க இடம் உங்களுது. ஒருத்தனும் ஒரு கல்லைத் தொட முடியாது!”

அவள் என்னைப் பார்த்தாள். “நிஜமாவா?”

“பூட்டன் காலத்துலேர்ந்து அப்படித்தாம்மா.” பொய் சொல்ல எனக்கு என்ன அவசியம்?

அவள் கரண்டியை இன்னும் ஆழமாகக் குத்தினாள். “புழுவெல்லாம் இந்தக் கல்லடியிலதான் பட்டு நூல்ல கூடு கட்டியிருக்கு. யாராவது புரட்டிடுவாங்களோன்னு பயந்துட்டே இருந்தேன். ரொம்ப நன்றி, ஐயா. வருசா வருசம் வந்து வச்சிட்டுப் போறேன்.”

பால்ஸின் கை கரண்டிக்கு ஒரு சாண் தூரம் வரை போய் நின்றது. தொடவில்லை. எங்களவன் தொடமாட்டான்.

“இந்தப் பூச்சிங்க எப்போ இங்கேர்ந்து போகும்?” என்று கேட்டான்.

“பனியாறு உருகின காலத்துலேர்ந்து இங்கதான் இருக்கு. எங்க போகும்? அதுக்குத்தான் பறக்க வராதே.”

பக்கத்துப் பாறையில் தொப்பென்று உட்காரப் போனவன், குனிந்து, அடியில் பட்டுக் கூடு இருக்கிறதா என்று எட்டிப் பார்த்தான். பிறகு நின்றுகொண்டே இருந்தான்.