நரிவெங்காய வரப்பு

ரபாத்திலிருந்து வந்த சர்வேயர், இந்த நிலத்தில் வேறு யாருக்காவது பங்கு உண்டா என்று கேட்டார். கைகளை ஜெல்லாபா அங்கியின் நீண்ட கைக்குள் இழுத்துக்கொண்டு இல்லை என்றேன். உள்ளங்கை நெருப்பாய் எரிந்தது.

பிரெஞ்சுக்காரன் எங்கள் நிலத்தைப் பிடுங்கி ஆரஞ்சுத் தோட்டம் போட்டபோது அப்பா சிறுவர். நாற்பது வருடம் கழித்து அது திரும்பியபோது எங்களிடம் காகிதம் எதுவும் இல்லை. தாத்தா எல்லையில் நட்ட நரிவெங்காயம் மட்டும் மரங்களுக்கு நடுவே வரிசையாகப் பூத்து நின்றது. அதைக் காட்டித்தான் அப்பா நிலத்தை மீட்டார். அந்த நம்பிக்கையில்தான், கணவனை இழந்து திரும்பிய என் தங்கை ஹ்னியாவுக்குக் கிழக்கே ஒரு துண்டைப் பிரித்து, இடையில் நரிவெங்காயம் நட்டுவிட்டுப் போனார். எழுதி வைக்கவில்லை. வரப்புக் கிழங்கைப் பிடுங்கத் துணிகிறவன் எங்கள் பக்கம் கிடையாது.

இப்போது பட்டா தருகிறார்கள். முழுவதும் என் பெயரில் வந்தால் மகன்கள் இருவருக்கும் காணும் என்று கணக்குப் போட்டேன். அந்தத் துண்டில் விளையும் கொண்டைக்கடலையை நம்பித்தான் ஹ்னியா சாப்பிடுகிறாள் என்பது எனக்குத் தெரியாததா? நேற்று அவள் செவ்வாய்ச் சந்தைக்குப் போன நேரத்தில், பூத்து நின்ற முப்பத்தொரு கிழங்கையும் தோண்டினேன். மண்வெட்டி பட்டு உடைந்தால் மிச்சம் முளைக்கும் என்று வெறும் கையால்தான். அதன் சாறு பட்டால் கை வெந்துபோகும். திருடனுக்கு அதெல்லாம் எங்கே ஞாபகம் வருகிறது.

ஹ்னியா சர்வேயருக்குத் தேநீர் கொண்டுவந்தாள். கிளறிய மண்ணை ஒருமுறை பார்த்தாள். எனக்குக் கோப்பையை நீட்டியபோது என் கையையும் பார்த்துவிட்டாள்.

"கையில என்னண்ணே?"

"காஞ்சொறி."

முதல் மழையே விழவில்லை, காஞ்சொறி எங்கிருந்து வரும்? அவள் வீட்டுக்குள் போய் ஆலிவ் எண்ணெய் எடுத்துவந்து, என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துத் தடவிவிட்டாள். எனக்கு அங்கேயே செத்துவிடலாம் போல இருந்தது.

"மூணு நாளைக்கு எரியும்ணே," என்றாள் மெதுவாக. "அப்பா நட்டப்ப அவருக்கும் இப்படித்தான் எரிஞ்சுது."

சர்வேயர் கூப்பிட்டார். மையில் தோய்த்து, காட்டிய இடத்தில் கட்டைவிரலை வைத்தேன். ரேகை விழவில்லை. எண்ணெய்தான் என் பெயரின்மேல் பரவியது.

"துடைச்சிட்டு மறுபடி வைங்க, ஹாஜி," என்றார் அவர். ஹஜ் போகாதவனையும் அப்படி அழைப்பது நகரத்து மரியாதை.

துடைக்க என்னிடம் எதுவும் இல்லை. ஹ்னியா தன் தலைத்துணியின் நுனியை எடுத்து நீட்டினாள்.